பேர் சொல்லாத சாட்சி

அந்தச் சன்னலக் கொஞ்சம் எறக்கி விடு தாயி. காத்து அடிச்சா இந்தப் பல்லு போன எடத்துல சுள்ளுன்னு ஏறுது. ம், போதும். நீ எங்க எறங்கணும்? அதுக்கு முந்தின ஸ்டாப்பு எனக்கு, கோர்ட்டு வாசல். கண்டக்டர்ட்ட சொல்லி வச்சிருக்கேன். அந்தப் பயலுக்கு டிக்கெட்டு கிழிக்கவே நேரம் சரியாப் போவுது, நம்மள எங்க ஞாபகம் வச்சிருக்கப் போறான். நீ பாத்துச் சொல்லு, என்ன.

நான் வேதக்கண்ணு. இரட்சணியபுரத்துக்காரி. எதுக்குக் கெழவி கோர்ட்டுக்குப் போறான்னு கேக்கமாட்டியா? படிச்ச பிள்ளைய கேக்காது, மனசுக்குள்ள வச்சிக்கிட்டு ஓரக்கண்ணால பாக்கும். நானே சொல்லுதேன். மேடையில பிரசங்கம் பண்ணுத ஒரு ஊழியக்காரன் கையக் கடிச்சிட்டேன். சும்மா பல்லு படக் கடிக்கல, எலும்பு தட்டுற மட்டும் கடிச்சேன். ஒதுங்காத, உன்னையெல்லாம் கடிக்கமாட்டேன். நான் சாதுவான ஆளு. எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாவ, வேதக்கண்ணு மாதிரி ஒரு பொறுமைக்காரி உண்டுமான்னு.

நீ வேதக்காரிதானா, இயேசுவக் கும்புடுத பிள்ளையா? இல்லையா? நெத்தியில பொட்டக் காணோம்னு நெனச்சேன். அப்ப அசனம்னா உனக்குத் தெரியாது. எங்க கோயில் பண்டிகையில கடைசி நாளு ஆட்டுக்கறியும் சோறும் ஆக்கி எல்லாருக்கும் போடுவோம். எங்க ஊருக்கு மட்டும் இல்ல, சுத்துப்பட்டி அம்புட்டுப் பேரும் வருவாவ, எந்தச் சாமி கும்புடுதவன்னாலும் வரலாம். ஓலப்பெட்டியும் வாளியும் கொண்டாந்து வீட்டுக்கும் வாங்கிட்டுப் போவாவ. சனங்க நேந்து விட்ட கிடாய்தான் எல்லாம். கோயில் காம்பவுண்டுக்குள்ளயே ஒரு பக்கம் ஆம்பளைய ஆடு வெட்டி, பெரிய பெரிய கிடாரத்துல வேகப் போடுவாவ. இன்னொரு பக்கம் பொம்பளைய நாங்க கத்தரிக்கா நறுக்குவோம்.

கறி வெந்ததும் முதல் கரண்டி கோரி, ஜெபம் பண்ணச் சொல்லி ஐயருட்ட நீட்டுறது எங்க வீட்டு ஆளுதான். ஐயருன்னா எங்க சபைப் போதகரு, நாங்க அப்படித்தான் சொல்லுவோம். முன்ன எங்க மாமனாரு, அவருக்குப் பெறவு எங்க வீட்ல அவிய, அவியளுக்கு வயசான பெறவு எம்மவன் ரூபன். அந்த வருஷம் கமிட்டிக்காரனுவ அந்தக் கரண்டியத் தூக்கிச் செல்வின் கையில குடுத்துட்டானுவ. அவன் அப்பன் கிடாய் அதிகமா விட்டானாம். செல்வின் யாரோ எவனோ இல்ல. எங்க வீட்டுக்கு நேர் எதுத்த வீட்டுப் பய. "அத்தே, அத்தே"ன்னு எங்க அடுப்படியிலதான் கெடப்பான். ரூபனும் அவனும் ஒரே பெஞ்சுல இருந்து படிச்சவனுவ.

கரண்டிய எங்கிட்டத் தான்னு இவன் கேக்க, தரமாட்டேன்னு அவன் சொல்ல, இழுபறி. எம்மவன் கொஞ்சம் கோவக்காரன். கோவக்காரன்னா கெட்டவன் இல்ல தாயி, மனசுல ஒண்ணையும் வச்சிக்கத் தெரியாது. கரண்டியப் பிடுங்கி, கிடாரத்துக்குள்ள விட்டு ஒரு கோரு கோரி அவன் மேல வீசிட்டான். கொதிக்கிற கறித்தண்ணி. அது என்ன பெரிய காயமா? பாதி மூஞ்சிதான். கண்ணுலகூடப் படல. அதுக்குப் போயி அந்தக் கரிமுடிவான், பக்கத்துல கெடந்த ஆடு வெட்டுத கத்திய எடுத்தான் பாரு.

கழுத்துல ஒண்ணு. திரும்புனான், தோள்பட்டையில ஒண்ணு. ரெண்டு வெட்டு. இத ஞாபகம் வச்சுக்கோ.

நான் சத்தம் கேட்டு ஓடுதேன். தரையெல்லாம் ஆட்டு ரத்தம். அதுல வழுக்கி எம்பிள்ள மேலயே போயி விழுந்தேன். ஆட்டு ரத்தம் எது எம்பிள்ள ரத்தம் எதுன்னு தெரியல. கழுத்துல வெட்டுன வாயக் கையால பொத்துதேன். விரல் இடுக்கு வழியா கொப்பளிச்சுக்கிட்டு வருது. அதோட சூடு இருக்கே, இன்னைக்கும் சோத்துல ரசம் ஊத்திப் பிசைஞ்சா எனக்கு அந்தச் சூடுதான். "எம்மா"ன்னு சொல்லப் பாத்தான். வாய் அசைஞ்சுது, காத்து கழுத்து வழியாப் போயிருச்சு.

அசனம் நின்னுச்சான்னு கேளு. நிக்கல. "கர்த்தர் பேருல பொங்குனத நிப்பாட்டக்கூடாது, சனம் பெட்டியோட வாசல்ல நிக்குது"ன்னு சொல்லிட்டாவ. எம்பிள்ளய வேன்ல ஏத்தி அந்தப் பக்கம் அனுப்பிட்டு, தரையில மண்ண அள்ளிப் போட்டு, கத்தியக் கழுவி மிச்சக் கிடாய வெட்டுனாவ. போலீசு வந்து கத்தி எங்கன்னு கேக்கான். அங்க ஒரே மாதிரி கத்தி குமிஞ்சு கெடக்கு, எல்லாம் பளபளன்னு. எதன்னு சொல்ல? வந்த போலீசுக்கும் எல போட்டுச் சோறு வச்சாவ.

கோர்ட்டுல கேஸு நடந்துச்சு. நடந்துச்சுன்னா, நகந்துச்சு. வாய்தா வாய்தான்னு எங்க வீட்ல அவிய செருப்புத் தேஞ்சுதான் மிச்சம். அத்தன பேரு பாக்க நடந்த வெட்டுல்லா? கூண்டுல ஏறி ஒருத்தன் சொல்லுதான், நான் வெறகு எடுக்கப் போயிருந்தேன்னு. இன்னொருத்தன், நான் ஆட்டுத் தோலக் காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு சவத்துமூதி என்ன சொன்னான் தெரியுமா? நான் வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தேன், கண்ணெல்லாம் தண்ணி, ஒண்ணும் தெரியலைன்னான். எங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவன் அவன்! செல்வின் நிக்கான். மூஞ்சி பாதி வெந்து தோலு இழுத்துக் கெடக்கு. நீ வெட்டுனியான்னு கேக்காவ. இல்லைன்னுட்டான். தலை குனியாமச் சொன்னான். விடுதலை.

அன்னைக்கு ஐயரு வந்து எங்க வீட்டு நடையில முட்டுப் போட்டாவ. "வேதக்கண்ணம்மா, இத கர்த்தர் கையில விட்டுருங்க. அவர் தாமசிப்பாரு, மறக்கமாட்டாரு"ன்னாவ. நானும் விட்டுட்டேன். அன்னையிலருந்து ஒரு சாப வார்த்த என் வாயில வந்ததில்ல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உபவாசம். தண்ணிகூடக் குடிக்கமாட்டேன். முட்டங்கால் ரெண்டும் காய்ச்சுப் போய்க் கெடக்கு பாரு, வேண்டாம், பஸ்ஸுல எதுக்கு. யாருக்கும் நான் கெடுதல் நெனச்சதில்ல தாயி. அந்தக் கை விளங்காமப் போகணும்னு மட்டுந்தான் கேட்டேன். வெட்டுன அந்தச் சோத்தாங்கை. வேற ஒண்ணும் கேக்கல.

ரெண்டு வருஷம் போச்சு. ஒரு நாக் காலையில எதுத்த வீட்டுல ஒரே கூச்சல். ஓடிப் போயிப் பாக்கேன், செல்வினோட அப்பனுக்கு வாதம் அடிச்சு வலது கையும் காலும் இழுத்துக்கிட்டு. வாயி கோணி எச்சி ஒழுகுது. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? கர்த்தருக்கு வீடு சரியாத்தான் தெரிஞ்சிருக்கு, ஆளுதான் மாறிப் போச்சு. அதனால என்னன்னு பேரையும் சேத்துச் சொல்லி ஜெபிக்க ஆரம்பிச்சேன். அடுத்து அவன் தங்கச்சிக்காரிக்கு வயித்துல தங்கல. ரெண்டு தடவ. அதுக்கு நான் ஜெபிக்கல. சத்தியமா ஜெபிக்கல. ஒரு தடவ ஜெபிச்சேன், அதுவும் மனசுக்குள்ளதான்.

எனக்கு ஒரு மகளும் உண்டு, கிருபான்னு பேரு. கோயம்புத்தூருல இருக்கா. அவ பிள்ளைக்கு ஞானஸ்நானம் வச்சா, அது வெள்ளிக்கெழமையாப் போச்சு, எனக்கு உபவாசம். எப்படிப் போவேன்? "நானும் உன் வயித்துல பொறந்தவதானம்மா"ன்னு போன்ல கேட்டா. அவளுக்கு வேல ஜாஸ்தி. இப்பல்லாம் போன் பண்ண நேரம் இருக்காது, பாவம்.

சரி, செல்வின் என்ன ஆனான்னு கேளு. குடிச்சான், ஊரை விட்டுப் போனான். சந்தோசமா இருந்தேன், எங்கியாவது ரோட்டோரம் கெடந்து சாவான்னு. கடைசியில என்ன ஆச்சு? மனந்திரும்பிட்டானாம்! போஸ்டர் ஒட்டுதானுவ. செல்வின்னு இருந்தவன் இப்ப பவுல் செல்வின். வெள்ளச் சட்ட, வெள்ளப் பேண்ட்டு, கையில மைக்கு. 'கொலைகாரனாய் இருந்தவரை இயேசு சந்தித்த சாட்சி'ன்னு பெரிய எழுத்துல போட்டிருக்கு. முதல் தடவ அந்தப் போஸ்டரப் பாத்தப்ப, நடு ரோட்டுல நின்னு வானத்தப் பாத்துக் கேட்டேன். "ஆண்டவரே, நான் ஒம்மகிட்ட என்ன கேட்டேன், நீரு என்ன செஞ்சிருக்கீரு?"

மொதக் கூட்டத்துக்குப் போனேன். முன்னாடியே பாய் விரிச்சு உக்காந்துட்டேன். அவன் தன் பழைய கதையச் சாட்சின்னு சொல்லுதான். "நான் ஒரு மனுஷனை வெட்டினேன். அவன் ரத்தம் என் முகத்தில் தெறித்தது." சனம் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்"ங்குது. கோர்ட்டுல கேட்டப்ப இல்லைன்னான், இங்கன யாரும் கேக்காமலே மைக்குல சொல்லுதான். நான் மறுநாள் காலையிலயே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "அய்யா, ஒத்துக்கிட்டான், நான் என் காதால கேட்டேன்"னேன். இன்ஸ்பெக்டரு டீயக் குடிச்சிக்கிட்டே, "விடுதலையான கேஸ திரும்ப எடுக்க முடியாதும்மா. மேடையில ஆயிரம் பேசுவாங்க. போய்ப் பிரேயர் பண்ணுங்க"ன்னாரு. அவரும் பிரேயர்னுட்டாரு.

அதுக்கப்புறம் அவன் கூட்டம் எங்க நடந்தாலும் போவேன். எதுக்குப் போனேன் தெரியுமா? வெட்டுனேன்னு சொல்லுதியே, யார வெட்டுன, பேரச் சொல்லுலேன்னு. ரூபன். மூணே எழுத்து. வெரசாச் சொல்லிட்டுப் போயிரலாம். சொல்லமாட்டான். 'ஒரு மனுஷன்'பான். அடுத்த வருஷம் 'என் எதிராளி'ன்னான். அதுக்கடுத்து 'ஊரையே ஆட்டிப் படைத்த ஒரு ரவுடி'ன்னான். எம்பிள்ளயா ரவுடி? வெட்டும் கூடிக்கிட்டே போவுது. மூணு வெட்டுன்னான், அஞ்சுன்னான், கடைசியாக் கேட்டப்ப ஏழு. நான் ரெண்டுன்னு சொன்னேன்லா? பெட்டியில வைக்கிறதுக்கு முந்தித் தொடச்சு விட்டவ நான், எனக்குத் தெரியாதா? நான் பாயில இருந்து கத்தப் போவேன். பக்கத்துப் பொம்பள எனக்குப் பரிசுத்த ஆவி நெறைஞ்சிருச்சுன்னு நெனச்சு என் கையப் பிடிச்சுக்கிட்டு அவளும் கத்துவா.

போன தை மாசம் கடக்கரை ஊர்ல ஒரு கூட்டம். சாயங்காலம் மணல்ல உக்காந்திருக்கேன். சாட்சி முடிஞ்சுது, 'தேவையோடு இருக்கிறவர்கள் முன்னாடி வாருங்கள்'ன்னு கூப்புடுதான். நான் அழுததப் பாத்துட்டு ஒரு வாலண்டியர் பிள்ள, "வாங்க பாட்டி, அண்ணன் உங்களுக்கு ஜெபம் பண்ணுவாங்க"ன்னு இழுத்துக்கிட்டுப் போயி வரிசையில நிப்பாட்டிட்டா. எனக்கு முன்னாடி நிக்கவுவ தலையில கைய வச்சு அமுக்குதான், ஒவ்வொண்ணாப் பின்னால சாயுதாவ, பிடிக்க ஆளு நிக்கு. என் முறை வந்துச்சு. அந்தக் கை என் தலைக்கு வந்துச்சு. அதே சோத்தாங்கை. சென்ட்டு மணக்குது.

நான் சாயல. நிமிந்து அவன் மூஞ்சியப் பாக்கேன். வெந்த பாதி, வேகாத பாதி. அவனும் என்னப் பாக்கான். என்னத் தெரியல அவனுக்கு! எங்க அடுப்படியில பழையதும் கருவாடும் தின்ன பயலுக்கு என் மொகம் தெரியல. கண்ண மூடிக்கிட்டு மைக்குல சொல்லுதான். "கர்த்தர் எனக்குக் காட்டுகிறார். இந்தத் தாயார் ஒரு மகனுக்காகக் காத்திருக்கிறார்கள். அம்மா, உங்க கண்ணீரைக் கர்த்தர் கண்டார். தாமதம் ஆனாலும் பொறுத்திருங்க. இந்த வருஷம் முடியுமுன்னே உங்க மகன் உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பான்."

அம்புட்டுக் கூட்டமும் அல்லேலூயாங்குது.

நீ என்ன செய்வே தாயி? சொல்லு. நான் என்ன செஞ்சேன்? நிக்கேன். அசையாம நிக்கேன். அழுககூட இல்ல. பழைய கண்ணீரு கன்னத்துல கெடக்கு பாரு, அதத் தொடைக்கப் போறான். அந்தக் கையால தொடைக்கான். கட்டவெரலு என் வாய் ஓரமா வருது. வருஷக்கணக்கா அந்தக் கையக் கேட்டவ நான். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பட்டினி கெடந்து கேட்டவ. கர்த்தர் அதக் கொண்டாந்து என் வாய்க்கிட்ட வச்சிட்டாரு. இதுக்கு மேல அவரு என்ன செய்யணும்?

கடிச்சேன். மொதத் தோலு, அப்புறம் சதை, ஆட்டுக்கால்ல சவ்வு மாட்டுமே, அது மாதிரி ஒண்ணு நறுக்குன்னுச்சு. வாயெல்லாம் ரத்தம். அந்தச் சூடு. அதே சூடுதான். அவன் மைக்க விடல, மைக்குலயே கத்துனான். "ஏ மூதி, விடுட்டி, செத்த மூதி!" கடக்கரை முழுக்க ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. பவுலு பறந்து போயி எங்க ஊருச் செல்வின் வந்து நின்னான்.

வாலண்டியருவ பாஞ்சு வந்துட்டானுவ. பிசாசு, பிசாசு பிடிச்சிருக்குன்னு ஒருத்தன் முடியப் பிடிச்சு இழுக்கான். ஒருத்தன் வயித்துல மிதிக்கான். ஒருத்தன் தாடையில குத்துனான் பாரு, அப்பத்தான் இந்தப் பல்லு ஒடிஞ்சு செல்வின் வெரல்லயே தங்கிருச்சு. "போ, வெளியே போ"ன்னு பிசாச வெரட்டுதானுவ, அடி எனக்கு விழுது. மணல்ல கெடந்து நான் அவனையே பாக்கேன். அவனும் வெரலப் பிடிச்சுக்கிட்டு என்னப் பாக்கான். அப்ப அவன் மூஞ்சி மாறுச்சு. வேகாத பாதி நடுங்குது. மெதுவா, மைக்குல விழாம, "அத்தே"ன்னான்.

தெரிஞ்சிருச்சு தாயி. நான் யாருன்னு தெரிஞ்சிருச்சு. 'விடுங்கலே, இது ரூபனப் பெத்தவ'ன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? மைக்கு கையிலதான் இருக்கு. சொல்லல. திரும்பிக்கிட்டான். அவனுவ அடிச்சு முடிக்கட்டும்னு முதுகக் காட்டிக்கிட்டு நின்னான்.

இப்ப எம்மேல கேஸு. கேளு கூத்த. எம்பிள்ளைக்குச் சாட்சி சொல்ல ஒரு நாதி இல்ல. இதுக்கு வரிசையில வந்து நிக்கானுவ, நான் பாத்தேன் நான் பாத்தேன்னு. எல்லாப் பயலும் செல்போன்ல படம் பிடிச்சு வச்சிருக்கான். எம்பிள்ளய வெட்டுன கத்தி அகப்படவே இல்ல. எம் பல்ல மட்டும் ஒரு சின்னக் கவர்ல போட்டு, அரக்கு வச்சு, பத்திரமா எடுத்து வச்சிருக்காவளாம்.

செல்வின் அவன் சபைப் பெரியவரு, ஒரு மூப்பர அனுப்புனான் எங்கிட்ட. கூட்டத்துல வந்து, பிசாசு என்ன விட்டுப் போச்சுன்னு சாட்சி சொல்லணுமாம். சொன்னா மன்னிச்சிருவானாம். அவன் என்ன மன்னிப்பானாம்! வெளக்குமாத்த எடுக்க உள்ள போனேன், வந்த மனுஷன் செருப்பக்கூடப் போடாம ஓடிட்டாரு.

வக்கீலு நல்ல பையன். "பாட்டி, கடிச்சது உண்டான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிருங்க. வயசப் பாத்து அபராதத்தோட விட்டுருவாங்க. அஞ்சு நிமிஷத்துல வந்துரலாம். வேற ஒண்ணும் பேசாதீங்க"ன்னாரு. நான் இல்லைன்னு சொல்லப் போறது இல்ல. அவன மாதிரி நானும் கூண்டுல நின்னு பொய் சொன்னா, அப்புறம் கர்த்தருட்ட என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேச? ஆமா, கடிச்சேன்னுதான் சொல்லுவேன். ஆனா எதுக்குக் கடிச்சேன்னு கேக்கணும்லா? ஒரு நீதின்னு இருந்தா கேக்கணும். கேட்டா, ரூபன்னு சொல்லுவேன். ஞானமுத்து மகன் ரூபன், இரட்சணியபுரம், அசனத்தன்னைக்கு இவன் ரெண்டு வெட்டு வெட்டிக் கொன்ன பிள்ளைன்னு சொல்லுவேன். டைப் அடிக்கிற பிள்ள அத அடிக்கும். ஜட்ஜு கையெழுத்துப் போடுவாரு. எம்பிள்ள பேரு அப்படியே அங்கன கெடக்கும். இதுக்குத்தான் கர்த்தர் இவ்வளவு சுத்தி வந்திருக்காரு. எனக்கு இப்பத்தான் வெளங்குது. நானா இருந்தா இப்படி ரோசன பண்ணியிருக்கமாட்டேன்.

எறங்கணுமா? வந்துருச்சா? அந்தப் பைய எடு. ஏல கண்டக்டரு, நிப்பாட்டுலே, வயசான ஆளு எறங்கணும்!

என்ன கேட்ட? எதுக்குன்னு கேக்காமலே அனுப்பிட்டாங்கன்னாவா?

காத்திருப்பேன் தாயி. எனக்குப் புதுசா? வாயில இன்னும் நாலு பல்லு இருக்கு.